கவலைக் கிணறும் பள்ளிப் பிள்ளைகளும்

பொள்ளாச்சிப் பக்கத்துக் குடியானவர்கள் எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்த காலம் கழிந்து வெகு நாட்களாயின. 1932-ஆம் வருஷத்தில் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர்க் கோயம்புத்தூர் ஜில்லாவில் மின்சாரம் பரவலாயிற்று. நாளடைவில் கிணறுதோறும் மோட்டார் பம்பு வந்தமர்ந்தது. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் ஒரு நஷ்டமும் உண்டு. கவலையில் யந்திரத்தின் அங்கங்கள் யாவும் பிள்ளைகளின் கண்ணெதிரே இயங்கின; பம்பிலோ அவை இரும்புக் கூட்டுக்குள் மறைந்துவிட்டன.

நெம்புகோல், கப்பி, சக்கரமும் அச்சும், சாய்தளம், ஆப்பு, திருகு என்னும் ஆறு எளிய யந்திரங்களின் பெயர்களை ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் பிழையின்றி ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் கிணற்றுக் கப்பி என்ன செய்கிறது என்று வினவினால், பாரத்தைக் குறைக்கிறது என்பார்கள். பெரியவர்களிலும் பலர் அவ்வாறே எண்ணுகின்றனர். அது பிசகு. மேலே நிலையாகப் பொருத்திய கப்பி பாரத்தைக் குன்றிமணியளவும் குறைப்பதில்லை. இழுக்கும் திசையை மாத்திரம் மாற்றுகிறது.

இதை உபாத்தியாயர் வாயாற் சொல்லி நம்பவைக்க வேண்டியதில்லை. விட்டத்தில் ஒரு கப்பியைக் கட்டி, கயிற்றின் இரு நுனிகளிலும் ஒரே அளவு மணல் நிறைத்த இரண்டு செம்புகளைத் தொங்கவிட்டால், இரண்டும் சமமாக நிற்பதைப் பிள்ளைகளே காண்பார்கள். பின்பு கயிற்றின் ஒரு நுனியை விட்டத்தில் முடிந்து, கப்பியைக் கயிற்றின் மடிப்பிலே தொங்கவிட்டு, அதில் ஒரு செம்பை மாட்டி, மறு நுனியைத் தூக்கட்டும். பாரம் ஏறக்குறையப் பாதியாகத் தோன்றும். ஆனால் செம்பு 1 அடி எழும்பக் கயிற்றை 2 அடி இழுக்க வேண்டியிருக்கும். எந்த யந்திரமும் இனாமாக வேலை செய்வதில்லை. பலத்தில் மிச்சமானதைத் தூரத்தில் வசூலித்துக்கொள்ளும். கடன் வாங்கி வட்டி கட்டியறிந்த சங்க அங்கத்தினருக்கு இது எளிதில் விளங்கும்.

அப்படியாயின் எருதுகள் அவ்வளவு நீரை எங்ஙனம் இழுத்தன? அவை நடந்த வாரி கிணற்று மேட்டிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. ஆகவே எருதுகளின் சொந்த எடையும் வடத்தை இழுக்க உதவிற்று. ஓட்டுபவரும் வடத்தின் மேல் உட்கார்ந்து தம் எடையைச் சேர்த்தார். பறியின் அடியில் இருந்த தோல் தும்பியின் ஏற்பாடு இன்னும் நேர்த்தியானது. பறி ஏறும்போது வால்கயிறு தும்பியின் வாயை மேல்நோக்கி மடித்துப் பிடித்திருக்கும். மேலே வந்தவுடன், தாழ்வான உருளையின் மீது ஓடும் அக்கயிறு தும்பியை வெளிப்புறம் இழுக்க, கை படாமலே நீர் கொட்டும். கப்பி, உருளை, சரிவு ஆகியவை கூடிய கூட்டு யந்திரம் அது.

பழைய கப்பியும் வடமும் எவர் வீட்டுத் தாழ்வாரத்திலேனும் கிடந்தால், பழைய இரும்போடு விற்றுவிடாமல் பாடசாலைக்குக் கொடுப்பது நலம். சுவரில்லாத கிணற்றடிக்கு மாத்திரம் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாகாது. கூட்டு யந்திரத்துக்கு வாசலில் நிற்கும் சைக்கிளே போதும். மிதிகட்டை நெம்புகோல், சக்கரத்துக்கு அச்சு, மறைகள் யாவும் திருகு. முன் பற்சக்கரத்தில் 48 பற்களும் பின்னதில் 16 பற்களும் இருப்பின், ஒரு மிதிச் சுற்றுக்குப் பின்சக்கரம் மூன்று சுற்றும். இங்கே கணக்கு தலைகீழ்: தூரம் லாபம், பலம் செலவு. மேட்டில் ஏறும்போது கால் கனப்பதன் காரணத்தைப் பிள்ளைகள் தாமே சொல்லிவிடுவார்கள்.