பராமரிப்பவரைப் பற்றி எந்தப் படிவமும் கேட்பதில்லை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்துவைப்பார்கள். மருமகன் அந்த வீட்டுக்கு வந்து சேருவார். தாய்தகப்பன் அதே வளவிலோ பக்கத்து வளவிலோ, பெரும்பாலும் இளைய மகளின் நிழலில், கடைசிக் காலத்தைக் கழிப்பார்கள். தாய்வழிக் குடிமுறை வேரூன்றிய இந்த மண்ணில், தகப்பன் பாரிசவாதத்தில் விழுந்தால் யார் பார்ப்பது என்று யாரும் கூடிப் பேசுவதில்லை. மகள் பார்ப்பாள்.

அந்தப் ‘பார்ப்பாள்’ என்ற ஒரு சொல்லுக்குள் என்னவெல்லாம் அடங்குகிறது என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். இரவிலும் அதே கணக்குத்தான். தூக்கிக் குளிப்பாட்டி அவளுடைய இடுப்பு போகும். பம்பர்ஸ் வாங்கப் பணம் வேண்டும். ஆனால் அவள் போய்வந்த கூலிவேலையும் தையலும் நின்று மாதக்கணக்காகியிருக்கும். அவளுக்கே நீரிழிவு இருந்தாலும் தன் கிளினிக்கைத் தவறவிடுவாள். அவள் போனால் அப்பாவுக்குத் தண்ணி கொடுக்க ஆளில்லை.

அரசின் உதவி இல்லாமல் இல்லை. 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, குடும்பத்தின் வறுமை நிலையைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. அதைத் தவிர, 2025 வரவுசெலவுத் திட்டத்தின்படி வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிக்கு மாதம் 10,000 ரூபாவும், 70 வயதைத் தாண்டிய வறிய முதியவருக்கு 5,000 ரூபாவும் உண்டு. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், வைத்தியரின் சான்றிதழ் ஆகியவற்றோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்திக்க வேண்டும். அஸ்வெசும பற்றிய விசாரணைக்கு 1924 என்ற இலக்கம் இருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் நோயாளியின் பெயரிலோ குடும்பத்தின் பெயரிலோ வருபவை. பார்ப்பவளுக்கென்று இலங்கையில் தனியான மாதக் கொடுப்பனவு கிடையாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது என்கிறது. கைவிடப்பட்டவர் முறையிடப் பராமரிப்புச் சபையையும் ஏற்படுத்தியது. அது தேவையான சட்டம்தான். ஆனால் கைவிடாமல் ஆறேழு வருடம் தூக்கிச் சுமந்தவளுக்கு ஒரு வாரம் ஓய்வு வேண்டுமென்றால், அவள் எந்தக் கதவைத் தட்டுவது?

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இது இன்னும் கடினம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபிறகு கொக்கட்டிச்சோலைக்காரருக்குப் பயணம் இலகுவானது உண்மை. இருந்தாலும் உட்கிராமத்திலிருந்து பஸ் பிடித்து, போதனா வைத்தியசாலைக்கோ கந்தோருக்கோ போய்த் திரும்ப ஒரு பகல் வேண்டும். சான்றிதழில் ஒரு கையொப்பம் குறைந்தால் இன்னொரு பகல். அந்த இரண்டு பகலும் படுக்கையில் கிடப்பவரை யாரிடம் விட்டுப் போவது என்பதுதான் முதல் கேள்வி. கந்தோரில் அதைக் கேட்பவர் எவருமில்லை.

வளைகுடாவுக்கு மகள் போய்விட்ட வீடுகளில் பாரம் அம்மம்மாவின் தலையில். வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போகும் தாய்மாருக்கு 2013 முதல் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டுமென்றார்கள். பிள்ளைகளைப் பார்க்கப்போவது யார் என்று அரசு அதில் எழுத்தில் கேட்டது. பேரப்பிள்ளைகளோடு ஏலாத கணவரையும் சேர்த்துப் பார்க்கும் அந்த அறுபது வயதுக்காரியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பிறகு யார் வந்து கேட்டார்கள்?

வேறிடங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். கேரள அரசு ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தில், படுக்கையில் கிடப்பவரை முழுநேரமும் பார்ப்பவருக்கு மாதம் 600 இந்திய ரூபா என்று வைத்தது. சிறு தொகைதான், ஆனால் அது பராமரிப்பவரின் பெயரில் வருகிறது. பிரித்தானியா 1976இலேயே இத்தகைய கொடுப்பனவைத் தொடங்கியது. ஆனால் மணமான பெண்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்று அவர்களை விலக்கிவைத்தது. ஒரு பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போன பிறகு, 1986இல்தான் அது மாறியது. நம் ஊரிலும் அதே எண்ணம் இன்றுவரை உட்கார்ந்திருக்கிறது.

பராமரிப்பவராகிய நீங்கள் இப்போதைக்குச் செய்யக்கூடியவை சில உண்டு. விண்ணப்பம் கொடுக்கும்போது நோயாளியின் கதையோடு உங்கள் நிலைமையையும் சமூக சேவை உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். வேலை நின்றுபோனது, உங்களுக்குள்ள வருத்தம், வீட்டில் வேறு ஆளில்லாதது எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள். சக்கரநாற்காலி போன்ற உபகரணம் கிடைக்குமா என்று கேளுங்கள்; நோயாளியைக் கொண்டுவர முடியாதென்றால் வீட்டுக்கு வந்து பார்க்கும்படி கேளுங்கள். நித்திரையில்லாமல், எதற்கெடுத்தாலும் அழுகை வந்தால் அது உங்கள் குணக்கேடு அல்ல. வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம், 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். கட்டாரிலும் லண்டனிலும் இருக்கும் அண்ணன்மாரிடம் காசோடு சேர்த்து, லீவில் வரும்போது பத்து நாள் பொறுப்பெடுக்கவும் சொல்லுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது பெரிய திட்டம்கூட இல்லை. வீட்டில் இவரைப் பார்ப்பவர் யார், அவருக்கு என்ன தேவை என்று விண்ணப்பத்தில் இரண்டு கேள்வி சேர்க்கட்டும். பதிலைப் பார்த்து, மாதத்தில் ஒரு பகலாவது அந்த வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பட்டும்.