சாந்தேரியா: ஒருவர் தேடிச் சென்ற தெய்வங்கள்

கியூபாத் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென்று மேற்கு ஆப்பிரிக்காவினின்றும் அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டவர்களுள் யொருபா மக்கள் பலர். அவர்களுடைய ஓயோ அரசு 19-ஆம் நூற்றாண்டில் சிதைந்தபோது மூண்ட போர்களில் சிறைப்பட்டவர்கள் அவர்கள். கியூபாவில் அடிமைமுறை ஒழிந்தது 1886-இல்தான். கையில் எதையும் எடுத்துவர இயலாத அம்மக்கள் ‘ஒரிஷா’ எனும் தம் தெய்வங்களை நெஞ்சில் சுமந்து வந்தனர்.

ஆண்டைகளின் சமயமோ கத்தோலிக்கம். ஆகவே, இடிக்குரிய சாங்கோ புனித பார்பராவின் படத்துக்குள் குடிபுகுந்தார். ஆண் தெய்வம் பெண் புனிதராவது எங்ஙனம் என்று கேட்கலாம். பார்பராவைக் கொன்ற தந்தை இடி விழுந்து மாண்டான் என்பது கிறித்தவர் வழங்கும் கதை. அந்த இடியே போதுமானதாயிற்று! கடலன்னை யெமயா ரெக்லா மாதாவானாள். புனிதரை ஸ்பானிய மொழியில் ‘சாந்தோ’ என்பர். அதிலிருந்து வந்ததே சாந்தேரியா என்னும் பெயர்.

இனி ஒருவரின் பயணத்தைப் பார்ப்போம். 1928-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்த கறுப்பினத்தவர் வால்டர் கிங். கிறித்தவத் திருமுழுக்குப் பெற்றவர். தம் முன்னோர் கும்பிட்ட தெய்வம் எது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1959 ஆகஸ்டில் கியூபாவின் மத்தான்சாஸ் நகரில் வெண்மைக்குரிய ஒபாத்தாலாவின் அடியாராகத் தீட்சை பெற்றார்.

இத்தீட்சை எளிதன்று. தலையை மழித்து, அத்தலையின்மேல் தெய்வத்தை இருத்துவர். சடங்குகள் ஏழு நாள் நடைபெறும். மூன்றாம் நாள், பதினாறு சோழிகளை உருட்டி, வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டியவற்றைச் சொல்வர். பின் ஓராண்டு வெள்ளுடை. முதல் சில மாதங்கள் கண்ணாடியில் முகம் பார்த்தலாகாது. உணவு தரையில் விரித்த பாயின்மேல். புதியவருக்கு ‘இயாவோ’ என்று பெயர். யொருபா மொழியில் மணப்பெண் என்பது பொருள். அறுபது வயதுக் கிழவரும் அவ்வாண்டில் இளையவரே. பிள்ளைகளோடு காலங்கழிக்கும் எனக்கு இவ்வழக்கம் பெரிதும் பிடித்திருக்கிறது. கற்க வருகிறவன் தன் வயதை வாயிலிலேயே கழற்றி வைத்துவிடுகிறான்.

ஊர் திரும்பிய கிங் நியூயார்க்கில் யொருபாக் கோயில் அமைத்தார். புனிதர் படங்களை நீக்கி, ஆப்பிரிக்க உருவங்களையே வைத்தார். வழிபாட்டைத் தெருவறியச் செய்தார். கியூபப் பெரியவர்கள் மனம் வருந்தினர். மறைத்துக் காத்ததால் பிழைத்த நெறி அவர்களுடையது. அம்மறைவோ அவருக்கு அடிமைத்தளையின் வடுவாகத் தெரிந்தது. இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். ஆயினும், முதலில் மறைப்பாக இருந்த புனிதரைப் பேரப்பிள்ளைகள் உண்மையாகவே நேசித்துவிட்டனர். அந்த அன்பைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

1970-இல் அவர் தென் கரோலினாவில் ஒயோதுஞ்சி என்ற சிற்றூரை நிறுவினார். 1981-இல் நைஜீரியாவின் இலே இஃபே மன்னர் அவரது அரச நிலைக்கு ஏற்பளித்தார். கிங் என்றாலே அரசர்தானே! அவர் 2005-இல் மறைந்தார். கியூபாவிலோ, பல வீடுகளில் பார்பராவின் சிலையும் சாங்கோவின் மரப்பாத்திரமும் ஒரே அறையில்தான் இருக்கின்றன.