நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் இடமுண்டு



கணினி வகுப்பில் 'திறந்த மூல மென்பொருள்' என்று சொன்னவுடன், "அது இலவசம்தானே மிஸ்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் இலவசம்தான். ஆனால் அதன் மூல நிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்பதே முக்கிய விடயம். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் இவ்வாறுதான் வளர்ந்தது.

எமது நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின்னர், காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகிய விபரங்களைப் பதிவதற்காக இலங்கைத் தொண்டர்கள் 'சஹானா' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் அது பயன்பட்டது.

அத்தகைய பட்டியலில் ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரைத் தேடுவதாக எண்ணிப் பாருங்கள். எமது மாதர் சங்க அங்கத்தவர் பட்டியலில் ஒருநாள் 'ஸ்ரீதேவி' என்று தேடினேன். பெயர் கண்ணெதிரே இருக்கிறது. கணினியோ இல்லை என்கிறது! 'ஸ்ரீ' என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். முன்பு 'ஸ'கரத்தைக் கொண்டு பதிந்தார்கள். 2005இல் 'ஶ'கரம் சேர்க்கப்பட்டபின் அதைக் கொண்டும் பதிகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு. சங்கப் பட்டியலில் இது சிறு தொல்லை. காணாமற்போனோர் பட்டியலில் அப்படியல்ல. தமிழ் அறியாத நிரலாளருக்கு, நாம் எழுதி அறிவித்தால்தானே இது தெரியவரும்?

இதைத்தான் 'வழு அறிக்கை' என்கிறார்கள். அந்த மென்பொருளின் வழுப் பட்டியலில் இதே குறையை வேறெவரும் அறிவித்திருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் புதிதாக எழுதுங்கள். ஓர் அறிக்கையில் ஒரு குறை மட்டும் போதும். மென்பொருளின் பதிப்பு எண், நீங்கள் செய்தவை வரிசைப்படி, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்பவை இருக்க வேண்டும். எளிய ஆங்கிலம் போதுமானது. பதில் வரச் சில வாரங்களும் ஆகலாம். பலர் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை அது.

மொழிபெயர்ப்பு இன்னொரு வழி. பயர்பொக்ஸ் உலாவிக்கு 'பொன்டூன்' என்ற தளத்திலும், லிப்ரே ஒபிஸுக்கு 'வெப்லேட்' தளத்திலும் தமிழ்ச் சொற்களை முன்மொழியலாம். ஏற்கெனவே வழக்கிலுள்ள சொற்களைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அகராதியிலிருந்து அருஞ்சொல் தேடி எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. வீட்டிலுள்ள அம்மாவுக்கு வாசித்தவுடன் விளங்க வேண்டும்.

நிரல் படித்த பிள்ளைகள், திட்டத்தின் பிரதியொன்றை எடுத்து, சிறு திருத்தமொன்றைச் செய்து, அதை இணைத்துக்கொள்ளும்படி கோரலாம். பங்களிப்பு விதிகளை வாசித்த பின்னரே அனுப்ப வேண்டும். பெண்களை இத்துறைக்குள் கொண்டுவரத் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த 'அவுட்ரீச்சி', வீட்டிலிருந்தே செய்யக்கூடிய, கொடுப்பனவுடன் கூடிய மூன்று மாதப் பயிற்சியை வழங்குகிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

ஒரு விடயத்தில் மட்டும் கவனம் தேவை. நீங்கள் எழுதுவதை உலகில் எவரும் வாசிக்கலாம். இதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். பல திட்டங்களில் புனைபெயரும் ஏற்கப்படும். திரைப்படம் பிடித்து அனுப்புவதாயின், அதிலுள்ள மற்றவர்களின் பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் முதலில் மறைத்துவிடுங்கள்.