விறகுக் கணப்பு அடுப்பு: வினையூக்கி வேண்டுமா?

ஐக்கிய அமெரிக்காவின் வெர்மான்ட், மெயின் போன்ற குளிர் மிகுந்த மாநிலங்களில், பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்க விறகையே நம்பும் குடும்பங்கள் இன்றும் பல உண்டு. அவர்கள் வாங்கும் இரும்புக் கணப்பு அடுப்புகள் பெரும்பாலும் இருவகைப்படும்: வினையூக்கி பொருத்தியவை, பொருத்தாதவை. இரண்டையும் இணைத்த மூன்றாம் வகையும் உண்டு. அதை இங்கே விடுத்துவிடலாம்.

புகை என்பது பெரும்பாலும் எரியாமற்போன விறகே என்பதை அங்கத்தினர்கள் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். காசு கொடுத்து வாங்கிய விறகில் ஒரு பகுதி கூரை வழியே பறந்துவிடுகிறது! அப்புகை தானே தீப்பற்ற ஏறத்தாழ 600 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். வினையூக்கி இல்லாத அடுப்பில், எரியறையின் மேற்புறத்துத் துளைக் குழாய்களின் வழியாகச் சூடான காற்றைச் செலுத்தி, அக்கடும் வெப்பத்திலேயே புகையை எரிக்கிறார்கள். மற்றதில், பல்லேடியம் அல்லது பிளாட்டினம் பூசப்பெற்ற, தேனடை போன்ற பீங்கான் வில்லை புகை செல்லும் வழியில் அமைந்திருக்கும். அதனூடே செல்லும் புகை ஏறத்தாழ 260 டிகிரியிலேயே எரியத் தொடங்கும். ஆகவே நெருப்பைத் தணித்து வைத்தாலும் புகை வீணாவதில்லை. ஒருமுறை அடுக்கிய விறகு இரவு முழுவதும் இதமான சூடு தரும்.

அவ்வாறாயின் மற்றதை வாங்குவானேன்? வில்லை நிரந்தரமானதன்று. சில ஆண்டுகளில் அதன் ஆற்றல் குன்றும். மாற்றுவதற்குச் செலவு உண்டு. அடுப்பு போதிய சூடேறும்வரை புகையை வேறு வழியே விட்டு, அதன் பின்னரே வில்லையின் பக்கம் திருப்ப வேண்டும். வர்ணம் பூசிய பலகையோ குப்பையோ எரித்தால் வில்லை கெடும். சாம்பல் அடைத்தாலும் பயன் குன்றும். 1988இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் விதி வகுத்தபோது, இத்தேய்மானத்தைக் கருதியே வினையூக்கி அடுப்புக்கு மணிக்கு 4.1 கிராம் புகைத்துகள் என்றும், மற்றதற்கு 7.5 கிராம் என்றும் வரம்பிட்டது. 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதியில் இவ்வேறுபாடு இல்லை. சோதனை முறையைப் பொறுத்து 2 அல்லது 2.5 கிராம்.

இரவும் பகலும் அடுப்பை எரிய வைத்து, அதனைப் பொறுமையுடன் பேணுவோர்க்கு வினையூக்கி அடுப்பே தக்கது. மாலையில் சில மணி நேரம் மட்டும் எரிப்பவர்க்கு அது வீண் செலவு என்பது எமது கருத்து.

எதை வாங்கினாலும் ஈர விறகு இரண்டையும் கெடுத்துவிடும். நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாகிவிட, எரியாத புகை புகைபோக்கியினுள் கரிப்பிசினாகப் படிந்து, பின்னொரு நாள் அங்கேயே தீப்பற்றும். வீடே எரிந்துபோவதும் உண்டு. பிளந்த விறகைக் காற்றோட்டமாக அடுக்கி, மேலே மழை மறைப்பிட்டுக் குறைந்தது ஆறு மாதம் உலர்த்த வேண்டும். கெட்டியான மரமாயின் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக இருத்தல் அவசியம். ஈரமானியை விறகின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்த்தல் போதாது. ஒரு கட்டையை அப்பொழுதே பிளந்து, அதன் உட்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.