விடுபேறும் வதிவிசைவும்

அயல்நாடு சென்று தொழில்செய்து வாழ விழைவார்க்கு அந்நாட்டரசு எழுத்துவழி வழங்கும் உடன்பாட்டினை வதிவிசைவு எனலாம். கடவுச்சீட்டு ஒருவன் எந்நாட்டினன் என்பதனைக் காட்டும். வதிவிசைவோ, அவன் தனதல்லாத நாட்டில் எத்துணைக் காலம், எத்தொழில் செய்து, யார் பொறுப்பில் வாழலாம் என்பதனை வரையறுக்கும். இஃது இக்காலத்து அலுவலகங்களின் படைப்பென்றே பலரும் கருதுவர். எனினும், அயலார்க்கு வாழ்வுரிமை வழங்கிய ஏடுகள் சேரநாட்டுக் கடற்கரையில் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டினை இந்நாளைய இசைவோடு ஒப்பிட்டு நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலாவது, கி.பி. 849-ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படும் தரிசாப்பள்ளிச் செப்பேடு. சேரவேந்தன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடி, கொல்லத்துக் கிறித்தவப் பள்ளிக்கு இவ்வுரிமைகளை வழங்கினார். அந்நகரம் அமைத்து நீர்வார்க்கப்பெற்றவராக மருவான் சபீர் ஈசோ என்னும் வணிகத்தலைவர் இதன்கண் குறிக்கப்பெறுகின்றார். செப்பேட்டின் எழுத்து வட்டெழுத்து; இடையிடையே கிரந்த எழுத்தும் உண்டு. சான்றாளராகக் கையெழுத்திட்ட அயலாரோ, அரபு, பகலவி, எபிரேயம் ஆகிய மூவகை எழுத்துகளில் தம் பெயர்களைப் பொறித்துள்ளனர். ஒரே ஏட்டில் இத்துணை எழுத்துகள் ஒருங்கே அமைந்தமை, அக்காலக் கொல்லத்தில் வாழ்ந்த மக்கட் கலப்பிற்குத் தக்க சான்றாம்.

இரண்டாவது, கி.பி. 1000-ஐ ஒட்டிப் பாற்கர இரவி, முயிரிக்கோட்டில் இருந்தருளி, இசுப்பு இரப்பான் என்னும் யூதத்தலைவர்க்கு அளித்த செப்பேடு. இதன்வழி அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு விடுபேறும் அவர்க்கு வழங்கப்பட்டன. அஞ்சுவண்ணம் என்பது மேலைக்கடல் வழி வந்த வணிகரின் குழு. கூட்டம் எனப் பொருள்படும் 'அஞ்சுமன்' என்னும் பாரசீகச் சொல்லோடு இப்பெயரை இயைத்துக் கூறுவர் அறிஞர் பலர்.

ஈண்டு 'விடுபேறு' என்னும் சொல் ஊன்றி நோக்கத்தக்கது. இது முத்தியைக் குறிக்கும் 'வீடுபேறு' அன்று. அரசன் தனக்குரிய வரியையும் சிறப்பையும் விட்டுக்கொடுக்க, அதனால் பிறர் எய்தும் பேறு விடுபேறு என்க. குடை, பல்லக்கு, பகல்விளக்கு, பாவாடை, தோரணம் என்பன உயர்ந்தோர்க்கேயுரிய சிறப்புகள். அவை அயலார்க்கும் உரியவாயின. நகரத்தார் பிறர் அரண்மனைக்கு இறுக்கும் இறைகளை இசுப்பு இரப்பான் இறுக்க வேண்டுவதின்று. அவர்கள் பெறுவனவற்றை அவரும் பெறலாம் என்பதும் ஏட்டின் கருத்தாகும்.

இவ்வேடுகளுக்கும் இக்கால இசைவுக்கும் இடையே உள்ள வேற்றுமைகள் மூன்று.

ஒன்று, பெறுவோர். கொல்லத்தில் உரிமை பெற்றது ஒரு பள்ளி. அப்பள்ளியின் உரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. முயிரிக்கோட்டு ஏடு தனியொருவர் பெயரால் அமைந்ததேனும், அவர் வழியாக உரிமை பெற்றது ஒரு குழுவே. இக்கால இசைவோ தனிமனிதன் ஒருவனுக்கே உரியது.

இரண்டு, காலம். இசுப்பு இரப்பான் பெற்ற உரிமை அவர்தம் ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள் என வழிவழி தொடர்வது. உலகும் திங்களும் உள்ளளவும் நிலைப்பது. இக்கால இசைவுக்கு முடிவுநாள் உண்டு. அந்நாள் கடந்தால் நேற்றுவரை முறைப்படி வாழ்ந்தவன் இன்று குற்றவாளியாகின்றான்.

மூன்று, பொறுப்பாளர். சவூதி அரேபியாவில் 'இக்காமா' என்னும் வதிவிசைவு நெடுங்காலமாக வேலையளிப்போரைப் பிணையாகக் கொண்டே வழங்கப்பட்டு வந்தது; அவர் இசையாமல் வேலை மாறுதல் அரிதாயிருந்தது. 2021 மார்ச்சுத் திங்களில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் இப்பிணைப்பைத் தளர்த்தியதேனும், வீட்டுப் பணியாளர் அதன் பயனைப் பெறாது விடப்பட்டனர். முன்னாளில் அயலானுக்குத் துணைநின்றது அவன் சார்ந்த குழு; பிற்காலத்தில் அவனுக்குப் பொறுப்பாளராக நின்றவரோ, அவனிடம் வேலை கொள்பவரே.

இதுகொண்டு பழமை முழுதும் நன்றென்று துணிதல் பொருந்தாது. தரிசாப்பள்ளிச் செப்பேடு அயல்வணிகர்க்குச் சிறப்பளித்ததோடு அமையவில்லை. ஈழவர், வண்ணார் முதலிய உள்நாட்டு உழைப்பாளர் குடிகளையும் பள்ளிக்கு உரியவராக எழுதிக்கொடுத்தது. அக்குடிகளுக்குத் தலைக்காணம், ஏணிக்காணம் முதலிய வரிகள் நீக்கப்பட்டன. எனினும் அவர்கள் கொடைப்பொருளாயினர் என்பதனை மறைத்தல் இயலாது. மேலும், விடுபேறு எய்தியோர் செல்வமும் கப்பலும் உடைய வணிகத்தலைவர். இன்று இக்காமா பெற்றுச் செல்வோருள் மிகப் பலர் கைத்தொழிலாளரும் வீட்டுப் பணியாளருமாவர். வந்தவன் வளத்திற்கேற்ப வரவேற்பு வேறுபடுதல் அன்றும் இன்றும் ஒன்றே. இந்நாளிலும் பெருமுதல் கொணர்வார்க்கு நெடுங்கால இசைவும், உழைப்பு ஒன்றே கொணர்வார்க்குக் குறுங்கால இசைவும் வழங்கும் நாடுகள் பல உள.

ஆதலின், செப்பேட்டினின்று இன்று நாம் கொள்ளத்தக்கது அதன் ஆடம்பரமன்று. குடையும் பல்லக்கும் எவர்க்கும் வேண்டுவதில்லை. அயலான் தனித்து நில்லாமல் அவனுக்காகப் பேச ஓர் அமைப்பு இருத்தல் வேண்டும் என்னும் கருத்தே கொள்ளத்தக்கது. வணிகத்தலைவர்க்கு அன்று கிடைத்த அத்துணை, கூலியாளர்க்கும் கிடைக்கும் நாளிலேயே வதிவிசைவு விடுபேறாகும்.