புண்பட்ட வீரரும் பேணும் மனையும்

போரிலே பட்டாரைப் போற்றுதல் எந்நாட்டார்க்கும் எளிதேயாம். ஒரு கல்லும் ஒரு நாளும் அதற்குப் போதும். புண்பட்டு உயிரோடு மீண்டாரைப் பேணுதலோ அங்ஙனம் எளிதன்று. அது நாடோறுஞ் செய்யவேண்டிய பணி. இரவிலுஞ் செய்யவேண்டிய பணி. பலவிடத்து ஆண்டுக்கணக்காக நீளும் பணி. இதனைப் பழந்தமிழ்ச் சான்றோரும் கண்டிருந்தனர். புண்பட்ட கணவனைப் பேய் நெருங்காவண்ணம் மனைவி காத்து நிற்கும் நிலையைத் தொல்காப்பியர் தொடாக்காஞ்சி என ஒரு துறையாக்கினார். வேப்பந்தழை செருகி, ஐயவி சிதறி, யாழிசைத்துப் புண்ணுற்றானைக் காக்கும் மனையொன்றைப் புறநானூற்றிலே அரிசில்கிழார் காட்டுகின்றார். வேந்தனுக்கு உற்ற இடரைத் தான் தாங்கியவன் பட்ட புண் அது என்று கூறும் அப்பாட்டு, அப்புண்ணைக் காக்கின்றவளுக்கு வேந்தன் ஆற்றவேண்டிய கடன் யாது என்பதைக் கூறவில்லை.

கூறப்படாத அவ்வினாவிற்கு இக்காலத்து அரசொன்று சட்டத்தின் வாயிலாக விடை காண முயன்று வருகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே முன்னாட் படைவீரருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் வழங்கப்படும் இல்லப் பராமரிப்பு உதவிகளே அம்முயற்சியாம். அவற்றின் தோற்றம், வகை, குறை ஆகியவற்றை ஈண்டு ஆராய்வாம்.

விடுதியிலிருந்து வீட்டிற்கு

அமெரிக்க மண்ணிலே இக்கடன், அந்நாடு சுதந்திரம் பெறுவதற்கு நெடுங்காலம் முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்டது. காக்கச் சென்று உறுப்பிழந்து மீளும் வீரனை அவன் வாழ்நாள் முழுவதும் குடியேற்றமே தாங்கவேண்டுமெனப் பிளிமத்துக் குடியேற்றத்தார் 1636 ஆம் ஆண்டிற் சட்டஞ் செய்தனர். உள்நாட்டுப் போர் முடியுந் தறுவாயில், 1865 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4 ஆந் திகதி, இரண்டாம் முறையாகப் பதவியேற்ற சனாதிபதி ஆபிரகாம் இலிங்கன், போரின் சுமையைத் தாங்கியவனையும், அவன் கைம்பெண்ணையும், தந்தையற்ற அவன் பிள்ளையையும் பேணுதல் நாட்டின் கடனென எடுத்துரைத்தார். அதற்கு முதல்நாளே, அங்கவீனமுற்ற தொண்டர்ப்படை வீரருக்கான தேசிய இல்லத்தை நிறுவுஞ் சட்டத்தில் அவர் கையொப்பமிட்டிருந்தார். அதன் முதற்கிளை மேய்ன் மாநிலத்துத் தோகசு என்னுமிடத்தில் 1866 இல் திறக்கப்பட்டது.

அவ்வில்லங்களில் வீரனுக்கு உணவும் உறையுளும் மருத்துவமும் கிடைத்தன. ஆயின் அவன் மீண்டும் சீருடை அணிந்து படையொழுக்கத்துக்கு உட்பட்டு வாழவேண்டியவனாயினான். அவன் மனைவிக்கு ஆங்கு இடமில்லை. எனவே அரசின் பராமரிப்பை விரும்பியவன் வீட்டைத் துறத்தல் வேண்டும். வீட்டை விரும்பியவன் பராமரிப்பை மனைவியின் தோளிலோ தாயின் தோளிலோ சுமத்தல் வேண்டும். உதவிப்பணம் பெற்றவர் பலர் இருந்தனரெனினும், பேணுகின்ற பணி குடும்பத்தின் தனிச்சுமையாகவே நெடுங்காலம் இருந்தது.

1930 ஆம் ஆண்டில் முன்னாட் படைவீரர் நிருவாகம் ஒன்றாக அமைக்கப்பட்டது. 1989 இல் அது அமைச்சரவைத் தகுதியுடைய திணைக்களமாயிற்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்திலேயே, 1970 ஆம் ஆண்டுகளில், நோயாளியை வைத்தியசாலைக்கு அழைப்பதற்குப் பதிலாக வைத்தியரை நோயாளியின் வீட்டிற்கு அனுப்பும் முறை தொடங்கிற்று. 1999 ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டமொன்று, விடுதியிற் சேர்க்காமலே அளிக்கும் நீண்டகாலப் பராமரிப்பையும் மருத்துவ உதவியின் ஒரு பகுதியாக்கியது. விடுதியிலிருந்து வீட்டிற்கு என்னும் இம்மாற்றத்துக்குக் காரணம் இரண்டு. முதியோர் தம் வீட்டிலேயே வாழ விரும்புதல் ஒன்று. விடுதிப் பராமரிப்பின் பெருஞ்செலவு மற்றொன்று.

உதவியின் வகைகள்

இன்று வழங்கப்படும் உதவிகளை இரு கூறாகப் பகுக்கலாம்: ஆளைக் கொடுக்கும் உதவி, பணத்தைக் கொடுக்கும் உதவி என்பன அவை.

முதற்கூற்றில் மூன்று வகையுண்டு. வைத்தியர், தாதியர், சமூக சேவையாளர், உணவுத்துறை அறிஞர், மருந்தாளர் முதலியோர் ஒரு குழுவாக இயங்கி, நீங்காத பல நோய்களையுடைய வீரனை அவன் வீட்டிலேயே கண்டு மருத்துவஞ் செய்தல் ஒருவகை. நீராட்டல், உடையுடுத்தல், உணவூட்டல், படுக்கையினின்று எழுப்புதல் போன்ற அன்றாடக் கருமங்களுக்கு உதவியாளர் ஒருவரை ஒப்பந்த நிறுவனத்தின் மூலம் அனுப்புதல் இரண்டாவது வகை. போரிலே புண்பட்டவனுக்கே இஃது உரியதென்று கருதற்க. திணைக்களத்தின் மருத்துவத் திட்டத்திற் பதிவு பெற்று, வைத்திய நோக்கிலே தேவையுடையவனெனக் காணப்பட்டால், முதுமையால் தளர்ந்தவனும் இதனைப் பெறலாம். 2008 ஆம் ஆண்டிலே தொடங்கிய மூன்றாவது வகையோ புதுமை வாய்ந்தது. இதில் திணைக்களம் ஆளை அனுப்பாது, ஒரு தொகையை வரையறுத்து வீரனிடமே பொறுப்பை விடுகின்றது. அவன் தன் மகளையோ அயலவரையோ சம்பளத்துக்கு அமர்த்திக் கொள்ளலாம். எந்நேரத்தில் எவ்வுதவி வேண்டுமென்பதை அவனே வகுத்துக் கொள்ளலாம்.

இரண்டாங் கூற்றிலே முதன்மையானது, பிறர் துணையின்றி இயங்கமுடியாதவருக்கு உபகாரச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் துணைப்படியாகும். போர்க்காலத்திற் பணிபுரிந்து, இப்பொழுது முதுமையாலோ அங்கவீனத்தாலோ தளர்ந்து, வருவாயுஞ் செல்வமும் சட்டங்குறித்த எல்லைக்கு உட்பட்டிருப்பவர் இதற்கு உரியர். போர்க்களத்தில் நின்றிருத்தல் வேண்டுமென்பதில்லை. போர்க்காலமென வரையறுக்கப்பட்ட நாட்களுள் ஒருநாளேனும் சேவையில் இருந்திருத்தல் வேண்டும். வீரன் இறந்தபின் அவன் கைம்பெண்ணும் தன் தளர்ச்சி காரணமாக இப்படியைப் பெறலாம்.

இதிலே பலர் அறியாத நுட்பமொன்று உளது. வருவாய் எல்லையைக் கடந்துவிட்டோமென்று எண்ணிப் பலர் விண்ணப்பஞ் செய்யாதே விடுகின்றனர். ஆனால் பராமரிப்பாளருக்குத் தாம் கொடுக்கும் கூலியையும் ஏனைய மருத்துவச் செலவுகளையும், ஒரு சிறு பகுதி நீங்கலாக, வருவாயினின்றுங் கழித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகின்றது. குடியிருக்கும் வீடு செல்வக் கணக்கிற் சேராது. அதே வேளை, ஏழையென்று காட்டும் பொருட்டுச் சொத்தைப் பிறர்க்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருவாரைத் தடுக்க, 2018 ஆம் ஆண்டு அக்டோபர் 18 ஆந் திகதி முதல், விண்ணப்பத்துக்கு முந்திய மூன்றாண்டுக் கொடுக்கல் வாங்கல்கள் ஆராயப்படுகின்றன. முதல் விண்ணப்பத்தை ஆயத்தஞ் செய்து கொடுப்பதற்கு எவருங் கூலி பெறுதலாகாது என்பதும் விதி. இதனை அறியாத முதியோரிடம் பணம் பறிப்பாரும் அந்நாட்டில் உளர். முன்னாட் படைவீரர் சங்கங்களோ இவ்வுதவியைக் கட்டணமின்றியே செய்கின்றன.

சேவையின் பயனாக அங்கவீனமுற்றவருக்கு வழி வேறு. அவர்க்குரிய நட்டஈடு வருவாயைப் பார்த்துக் கொடுக்கப்படுவதன்று. பிறர் துணை தேவைப்படுமளவுக்கு ஊறுபாடு மிகுந்தவிடத்து அந்நட்டஈடும் உயரும். முன்னையது வறுமைக்கு இரங்கி அளிப்பது. பின்னையது கடனை இறுப்பது. இவ்விரண்டையும் மயங்கவைத்தலே விண்ணப்பகாரர் இடர்ப்படுதற்குப் பெருங்காரணமாகும்.

பேணுவாரின் உரிமை

மேற்கூறிய யாவும் வீரனை நோக்கியவை. அவனைப் பேணுவாரை நேரே நோக்கிய சட்டம் 2010 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆந் திகதி சனாதிபதி ஒபாமாவின் கையொப்பத்தைப் பெற்றது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த திட்டத்தில், சேவையால் விளைந்த அங்கவீனம் நூற்றுக்கு 70 வீதத்துக்குக் குறையாதவராய், ஆறு மாதமேனும் தொடர்ந்து பிறர் துணையை வேண்டுபவரான வீரர், தம் குடும்பத்தாரொருவரை முதன்மைப் பராமரிப்பாளராகவும் இருவரைத் துணைவராகவும் குறிக்கலாம். முதன்மைப் பராமரிப்பாளருக்கு மாதந்தோறும் உதவிப்பணம் உண்டு. வேறு காப்புறுதி இல்லாவிடின் மருத்துவக் காப்புறுதி உண்டு. பயிற்சியும் மனநல ஆலோசனையும் உண்டு. அவர் இளைப்பாறுமாறு ஆண்டில் 30 நாளுக்குக் குறையாமல் வேறொருவர் பராமரிப்பை ஏற்கும் ஏற்பாடும் உண்டு. வீரன் இறந்தால் உதவிப்பணம் அன்றே நின்றுவிடாது, மேலும் 90 நாள் தொடரும். இறுதியிற் கூறிய விதியை வகுத்தோர் அத்தகைய மனையின் நிலையை உணர்ந்தவராதல் வேண்டும். பேணுதலே தொழிலாக வாழ்ந்தவர், துணையை இழக்கும் அன்றே பிழைப்பையும் இழப்பராதலின்.

உதவிப்பணத்தின் அளவு கூட்டாட்சி அரசாங்க ஊழியரின் கீழ்ப்படிச் சம்பளமொன்றை அடியாகக் கொண்டு, ஊருக்கேற்பக் கணிக்கப்படுகின்றது. தேவை மிக்கவிடத்து அது முழுதாகவும், ஏனையவிடத்து நூற்றுக்கு 62.5 வீதமாகவுங் கொடுக்கப்படும். ஆயினும் இதனாற் பராமரிப்பாளர் அரசின் ஊழியராகார் என்று சட்டம் தெளிவாக விலக்குகின்றது. எனவே வேலையைத் துறந்து கணவனைப் பேணும் மனைவிக்கு, இப்பணத்தின் வாயிலாகத் தன் முதுமைக்கான சமூகக் காப்புறுதி சேர்வதில்லை. அவள் உழைப்பு மதிப்பிடப்பட்டது, தொழிலென ஏற்கப்படவில்லை.

கோடு கிழிப்பதில் உள்ள இடர்

உதவிக்கு உரியார் யார் என்று வரையறுக்குமிடத்து ஒரு கோடு கிழித்தே ஆகவேண்டும். 2010 ஆம் ஆண்டுச் சட்டம் அக்கோட்டை 2001 செப்டெம்பர் 11 இற் கிழித்தது. அந்நாளிலோ அதன் பின்னரோ புண்பட்டவன் மனைவிக்கு உதவி. வியற்னாமிற் புண்பட்டவனை அதற்கு முன்பே நெடுங்காலம் பேணிவந்தவளுக்கோ அவ்வுதவி இல்லை. புண் ஒன்றே, பணி ஒன்றே. திகதி மாத்திரமே வேறு. 2014 இல் ராண்டு ஆய்வு நிறுவனம் படைவீரரைப் பேணுவோர் ஏறத்தாழ 55 இலட்சம் எனவும், அவருள் 11 இலட்சம் பேரே 2001 க்குப் பிந்திய வீரரைப் பேணுவோர் எனவுங் கணித்தது. 2018 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வேறுபாட்டை நீக்க வழிசெய்தது. 1975 மே 7 வரை பணிபுரிந்தவர் 2020 அக்டோபரிலும், இடைக்காலத்தவர் 2022 அக்டோபரிலும் சேர்க்கப்பட்டனர். பன்னீராண்டு காத்திருக்க இயலாது இறந்தோருக்கு அத்திருத்தத்தாற் பயனில்லை.

மற்றொரு கோடு செலவிற் கிழிக்கப்பட்டிருந்தது. ஒருவனை விடுதியிற் பேண ஆகும் செலவில் நூற்றுக்கு 65 வீதத்துக்கு மேல் அவன் வீட்டுப் பராமரிப்புக்குச் செலவிடுதலாகாது என்பது பொதுவிதி. நோய் முதிர முதிர அவ்வெல்லை நெருங்கும். கடந்ததும், எஞ்சியதைக் குடும்பம் ஏற்கவேண்டும், அன்றேல் அவன் வீட்டைவிட்டு வெளியேறவேண்டும். 2025 ஆம் ஆண்டு சனவரி 2 ஆந் திகதி கையொப்பமான, முன்னாள் செனற் சபை உறுப்பினர் எலிசபெத்து டோலின் பெயர் பூண்ட சட்டம், அவ்வெல்லையை நூறு வீதமாக உயர்த்தியது. விடுதிக்குக் கொடுக்க இசையும் பொருளை வீட்டிற்குக் கொடுக்க மறுத்தல் தகாது என்னும் எளிய உண்மை சட்டமாவதற்கு இத்துணைக் காலஞ் சென்றது.

அளத்தலிலும் இடர் உளது. 2020 இல் விதிகள் இறுக்கப்பட்டபோது, பல்லாண்டு உதவி பெற்றுவந்தோர் பலர் மறுபரிசோதனையில் தகுதியற்றவரெனக் காணப்பட்டனர். எதிர்ப்பு எழவே, 2022 மார்ச்சில் திணைக்களம் அவர்களை விலக்குவதை நிறுத்திவைத்தது. இத்தகைய முடிவுகளை மேன்முறையீட்டுச் சபையின் முன் வைக்கும் உரிமை உண்டென 2021 இல் நீதிமன்றமொன்று தீர்த்தது. 2024 இல் மேல்நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. அன்பினாற் செய்யும் பணியை அரசு அளக்கப் புகுந்தால், அவ்வளவு பிழைபடும்போது முறையிடவும் ஓரிடம் இருத்தல் வேண்டும். அஃதில்லாத உதவி உரிமையாகாது, ஈகையாகவே நின்றுவிடும்.

ஆகவே, இத்திட்டங்களின் சிறப்பு அவை கொடுக்கும் டொலரின் தொகையில் மாத்திரம் இல்லை. போருக்கு ஆளை அனுப்பும் நாடு, அவன் திரும்பி வரும் வீட்டிற்குங் கடன்பட்டது என்னும் கொள்கையை அவை படிப்படியாக ஒப்புக்கொண்டதே சிறப்பாம். 1636 இல் வீரனுக்கென ஒப்புக்கொள்ளப்பட்ட கடன், அவனைப் பேணுவாரையுஞ் சென்றடைய ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆயின. இன்னும் அது முழுதாய் இறுக்கப்படவில்லை. நோயுற்றாரையும் முதியோரையும் வீட்டிலேயே பேணும் கடப்பாடு எந்நாட்டுக் குடும்பத்துக்கும் உண்டாதலின், அந்நாட்டார் கண்ட வழியையும் அவர் இடறிய இடங்களையும் நம் மாணாக்கர் கற்றறிதல் நலம் பயப்பதாகும்.