தர்பூசணியுடன் சீஸ் சேருமா? கோடைக்கேற்ற பத்து நிமிட சாலட்: சுவை முதல் சுத்தம் வரை

கத்திரி வெயில் நாட்களில் மதிய நேரத்தில் அடுப்படிக்குள் நிற்பதே பெரும்பாடு. "இன்னைக்கு அடுப்பே பத்த வைக்க வேணாம், சில்லுன்னு ஏதாவது சாப்பிட்டாப் போதும்" என்ற பேச்சு பல வீடுகளில் கேட்கும். அப்படிப்பட்ட நாட்களுக்கென்றே கிரேக்கம், துருக்கி, சைப்ரஸ் நாட்டு மக்கள் ஒரு சாப்பாடு வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த தர்பூசணித் துண்டுகள், பக்கத்தில் உப்புக் கரிக்கும் வெள்ளைச் சீஸ், அவ்வளவுதான். அதோடு வெள்ளரி, புதினா, எலுமிச்சை சேர்த்தால் அதுவே இன்று நம்மூர் உணவகங்களிலும் சமையல் வீடியோக்களிலும் வலம்வரும் 'வாட்டர்மெலன் ஃபெட்டா சாலட்'.

செய்வதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால், ஒன்றை மறந்துவிடக் கூடாது. இது நெருப்பே படாத உணவு. சாம்பாரோ குழம்போ கொதிக்கும்போது கிருமிகள் செத்துவிடும். இதில் அந்தக் கட்டமே கிடையாது. கொதிநிலை செய்யும் வேலையைக் கழுவுவதும் குளிர்ச்சியாக வைப்பதும்தான் செய்தாக வேண்டும்.

பாலும் பழமும் தெரியும், அதென்ன சீஸும் பழமும்?

கேட்கத்தான் விநோதமாக இருக்கிறது. சுவையின் அடிப்படை நமக்குப் பழகியதுதான். மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும், கொய்யாவுக்கு உப்பும் காரமும், அன்னாசித் துண்டின் மேல் மிளகாய்த்தூள் என்று சாப்பிட்டு வளர்ந்த நாக்கு நம்முடையது. அந்தச் சிட்டிகை உப்புக்குப் பதிலாக இங்கே உப்பு ஊறிய சீஸ் வருகிறது.

உப்பு சேர்ந்தால் பழம் ஏன் கூடுதலாக இனிக்கிறது? இதற்கு ஒரு விளக்கம் உண்டு. கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் சோடியம் உப்பைச் சிறிதளவு சேர்த்தபோது, கசப்பு அடங்கி இனிப்பு தூக்கலாகத் தெரிந்ததாக 1997-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. இனிப்பை உப்பு நேரடியாகக் கூட்டுவதைவிட, அதை மறைக்கும் சுவைகளை அமுக்குகிறது.

இன்னொரு லாபமும் இருக்கிறது. தர்பூசணியில் ஏறத்தாழ 91 சதவீதம் தண்ணீர். 100 கிராமுக்கு 30 கலோரிதான். அதனால் தர்பூசணியை மட்டும் சாப்பிட்டால் அரை மணி நேரத்தில் "மறுபடி பசிக்குதே" என்று தோன்றும். சீஸில் உள்ள புரதமும் கொழுப்பும் வயிற்றில் சற்று நேரம் நிற்கும். பழத்துக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன், கொழுப்பில் கரையும் பொருள். சீஸோ ஒரு ஸ்பூன் எண்ணெயோ உடன் இருந்தால் உடல் அதை நன்றாக ஈர்த்துக்கொள்ளும்.

ஃபெட்டாதான் வேண்டுமா, பனீர் போதாதா?

ஃபெட்டா என்பது கிரேக்க நாட்டுச் சீஸ். செம்மறி ஆட்டுப் பாலில், அல்லது அதனுடன் 30 சதவீதம் வரை வெள்ளாட்டுப் பால் கலந்து செய்து, உப்புநீரில் போட்டு, குறைந்தது 2 மாதம் பக்குவப்படுத்துவார்கள். திருநெல்வேலிக்கு அல்வா மாதிரி, ஃபெட்டாவுக்குக் கிரேக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2002 முதல் இந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு அளித்துள்ளது. மற்ற நாடுகளில் பசும்பாலில் செய்து அதே பெயரில் விற்பதும் உண்டு. சைவம் சாப்பிடுபவர்கள் பாக்கெட்டில் பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சில சீஸ்களில் சேர்க்கப்படுவதே இதற்குக் காரணம்.

சீஸ் விலை கையைக் கடிக்கிறது என்றால் பனீர் இருக்கவே இருக்கிறது. ஆனால், பனீரை அப்படியே போட்டால் சாலட் சப்பென்று இருக்கும். சூடான பாலைப் புளிப்பு சேர்த்துத் திரித்துச் செய்வது பனீர். அதில் உப்பும் கிடையாது, ஊறிப் பக்குவப்பட்ட புளிப்பும் கிடையாது. அந்த இரண்டையும் நாம்தான் ஏற்ற வேண்டும்.

பனீரைச் சிறு துண்டுகளாக்கி, கொதிக்கும் நீரில் மூன்று நிமிடம் போட்டு எடுங்கள். இதனால் பனீர் மிருதுவாகும், மேலே ஒட்டியிருக்கும் கிருமிகளும் அழியும். பிறகு, கொதிக்க வைத்து ஆறிய ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு கலந்து, பனீரை அதில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். நான்கு மணி நேரத்தில் உப்பும் புளிப்பும் ஏறியிருக்கும். முந்தைய நாள் இரவே ஊற வைத்தால் இன்னும் நல்லது.

எப்படிச் செய்வது?

நான்கு பேருக்குத் தேவையானவை:

தர்பூசணித் துண்டுகள் – 4 கப்
ஃபெட்டா அல்லது உப்புநீரில் ஊறிய பனீர் – 100 கிராம்
வெள்ளரிக்காய் – 1
பெரிய வெங்காயம் – பாதி
புதினா இலை – ஒரு கைப்பிடி
எலுமிச்சம்பழம் – 1
ஆலிவ் எண்ணெய் – 1 டேபிள்ஸ்பூன்
மிளகுத்தூள் – அரை டீஸ்பூன்

1. தர்பூசணியை வெட்டுவதற்கு முன்பே முழுப் பழமாக ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர வையுங்கள். இடமில்லை என்றால், வெட்டிய துண்டுகளை மூடி போட்ட டப்பாவில் இரண்டு மணி நேரம் வைக்கலாம்.

2. வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊற விடுங்கள். காரல் குறைந்துவிடும்.

3. தர்பூசணியை ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டி, விதை நீக்கி, வடிகட்டியில் போட்டுச் சாற்றை வடிய விடுங்கள். அந்தச் சாற்றை வீணாக்காமல் குடித்துவிடலாம்.

4. அகலமான தட்டில் தர்பூசணி, வெள்ளரியைப் பரப்பி, சாற்றோடு வெங்காயத்தைச் சேருங்கள். எண்ணெய், மிளகுத்தூள் தூவி ஒரே ஒரு முறை மெதுவாகப் புரட்டுங்கள்.

5. சீஸைக் கையால் உதிர்த்து மேலே தூவி, புதினாவைக் கிள்ளிப் போட்டு உடனே பரிமாறுங்கள். ஆலிவ் எண்ணெய் இல்லை என்றால் விட்டுவிடலாம். ருசி பெரிதாகக் குறையாது.

"செஞ்சு கொஞ்ச நேரத்துல ஒரே தண்ணியாயிடுச்சே" என்பதுதான் இந்த சாலட்டைப் பற்றி அதிகம் கேட்கும் புகார். இதற்கு உப்புதான் காரணம். பழத்தின் செல்களுக்குள் இருக்கும் நீரை அது வெளியே இழுத்துவிடும். எனவே, தனியாக உப்பு போடவே வேண்டாம். சீஸைக் கடைசியில் சேர்த்தால் போதும். அலுவலகத்துக்கு எடுத்துப் போவதென்றால், பழம் ஒரு டப்பா, சீஸ் ஒரு டப்பா என்று பிரித்து, ஐஸ் பையுடன் கொண்டுபோய், சாப்பிடும்போது கலந்துகொள்ளலாம்.

அடுப்பில்லாத சமையலில் கவனம் எங்கே?

தமிழகத்தில் 2025 கோடையில் தர்பூசணியில் ஊசி போட்டு நிறம் ஏற்றுவதாகப் பேச்சு பரவி, விற்பனை சரிந்து விவசாயிகள் கலங்கிப்போனார்கள். பலருடைய கவனமும் பழத்தின் உள்ளே இருக்கும் சிவப்பின் மேல்தான் இருந்தது. தோலின் மேல் இருப்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை.

தர்பூசணியும் முலாம்பழமும் மண்ணைத் தொட்டபடி காய்ப்பவை. "தோலைச் சாப்பிடப் போறதில்லையே, எதுக்குக் கழுவணும்?" என்று தோன்றும். தோலில் ஒட்டியிருக்கும் கிருமியைக் கத்தி அப்படியே சதைக்குள் இழுத்துச் சென்றுவிடும். 2011-இல் அமெரிக்காவில், லிஸ்டீரியா என்ற பாக்டீரியா கலந்த முலாம்பழங்களைச் சாப்பிட்டு 28 மாநிலங்களில் 147 பேர் நோயுற்றனர். 33 பேர் உயிரிழந்தனர். ஒரே பண்ணையிலிருந்து வந்த பழங்கள் அவை.

எனவே, ஓடும் நீரில் முழுப் பழத்தையும் தேய்த்துக் கழுவி, துடைத்த பிறகே கத்தி வைக்க வேண்டும். சோப்பு வேண்டாம். மீன், இறைச்சி வெட்டும் பலகையைப் பழத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. புதினாவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, ஈரம் போக உதறிக்கொள்ளுங்கள். பாதியாக வெட்டி வெயிலில் திறந்து வைத்திருக்கும் பழத்தை வாங்காமல், முழுப் பழமாக வாங்குவதே நல்லது.

அடுத்தது நேரக் கணக்கு. வெட்டிய பழம், சீஸ் போன்றவற்றை ஃப்ரிட்ஜுக்கு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான விதி. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது 1 மணி நேரமாகச் சுருங்கிவிடும். நம்மூர் கோடையில் பகல் முழுக்கவே 32-க்கு மேல்தான். ஆகவே, நமக்குப் பொருந்துவது அந்த ஒரு மணி நேரக் கணக்கு. விருந்தில் பெரிய பாத்திரம் நிறையக் கலந்து மேசையில் வைப்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பரிமாறுவது பாதுகாப்பானது. மிச்சமானதைக் கணக்குப் பார்க்காமல் கொட்டிவிடலாம்.

யாரெல்லாம் யோசித்துச் சாப்பிட வேண்டும்?

கர்ப்பிணிகள்: லிஸ்டீரியா ஃப்ரிட்ஜின் குளிரிலும் பெருகக்கூடியது, கருச்சிதைவு வரை கொண்டுபோய்விடும். 'பாஸ்டுரைஸ்டு' பாலில் செய்தது என்று அச்சிட்டிருக்கும் சீஸ் மட்டுமே வாங்க வேண்டும். வீட்டில் பால் காய்ச்சிச் செய்த புது பனீர் இன்னும் நல்லது. முதியவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள்: 100 கிராம் ஃபெட்டாவில் ஏறத்தாழ இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சீஸைத் தண்ணீரில் அலசிப் பயன்படுத்தினால் உப்பு ஓரளவு குறையும். அன்றைக்கு ஊறுகாய், அப்பளத்துக்கு விடுமுறை கொடுத்துவிடலாம்.

சர்க்கரை நோயாளிகள், சிறுநீரக நோயாளிகள்: தர்பூசணியின் சர்க்கரை ரத்தத்தில் வேகமாக ஏறக்கூடியது; பொட்டாசியமும் அதில் உண்டு. மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவு செய்துகொள்வது நல்லது. வெள்ளரியைக் கூட்டி, தர்பூசணியைக் குறைத்துச் செய்தாலும் இந்த சாலட் நன்றாகவே இருக்கும்.